உங்களை நம்பித்தான் போகிறேன்

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கிய லிஃப்ட்காரர், திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறார். பிறகு தள்ளி நின்று மனைவியை இழுக்கச் சொல்கிறார். வெளியூர்ப் பயணமென்றால் மகளும் இழுத்தாக வேண்டும். "பூட்டு நல்லாத்தான் இருக்கு, நமக்குத்தான் கழண்டுபோச்சு" என்று மகள் முணுமுணுப்பது அவர் காதில் விழும். விழாதது மாதிரி இறங்கிவிடுவார்.

அவர் மேல் தப்பில்லை, தொழில் அப்படி. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "எந்த லிஃப்டும் ஒரே கயித்துல தொங்காதுங்க. ஒன்னு போனா இன்னொன்னு தாங்கும், அதுவும் போனா மூணாவது தாங்கும். மனுஷனும் அப்படித்தான் இருக்கணும்" என்பார். சொன்னபடியே இருக்கிறார். பையில் குடை இரண்டு, வீட்டில் டார்ச் மூன்று, விடிகாலை எழுந்திருக்க வேண்டுமென்றால் அலாரம் வைத்த கடிகாரங்கள் கட்டிலைச் சுற்றிக் காவல் நிற்கும். பெண்டாட்டி மட்டும்தான் ஒன்று என்று அவர் மனைவி தான் வேலை செய்யும் மருந்துக்கடையில் சொல்லிச் சிரிப்பது உண்டு. இத்தனைக்கும் அவர் லிஃப்டில் ஏறுவதில்லை. படிதான். கேட்டால் முழங்காலுக்கு நல்லது என்பார்.

லிஃப்ட் நடுவில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அவர் முகமே மாறிவிடும். கதவில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்க வெளியதான் நிக்கிறேன்" என்று சொல்லத் தொடங்குவார். வேலை முடிகிறவரை நிறுத்த மாட்டார். காது வலிக்கிறது, கொஞ்சம் சும்மா இருங்கள் என்று உள்ளே இருப்பவர்களே கெஞ்சியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவருடைய சொந்த அக்கா போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலையில் பால் போடுகிறவர் வந்து குரல் கொடுக்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார், பிள்ளைகள் இல்லை. நல்லவேளை, எலும்பு எதுவும் உடையவில்லை. லிஃப்ட்காரருக்குத்தான் உள்ளே என்னவோ உடைந்துபோனது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கதவுக்கு வெளியே நின்றோம், அக்காவுக்கு நிற்கவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

எங்களோடு வந்து இரு என்று கூப்பிடாத நாளில்லை. அக்கா மசியவில்லை. வாழ்நாளெல்லாம் தையல் மெஷினோடு பேசிப் பழகியவர். இப்போது கொல்லையில் உள்ள செடிகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். "உன் வீட்டுல வந்து நான் என்னடா பண்றது? சிமெண்டுத் தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று போனை வைத்துவிடுவார்.

சரி, சிமெண்டுதானே பிரச்சினை என்று லிஃப்ட்காரர் மொட்டைமாடியில் தோட்டம் போட்டார். அதுவரை அவர் கையில் கிரீஸ் பட்டிருக்கிறதே தவிர மண் பட்டதில்லை. காலிப் பெயிண்ட் வாளிகளைக் கொண்டுவந்து மண்ணை நிரப்பித் தக்காளி, மிளகாய், கத்திரி என்று வைத்தார். வாளியின் அடியில் ஓட்டை போடவில்லை. தண்ணீர் ஒழுகினால் கீழ்வீட்டுப் பல் டாக்டரின் கூரையில் ஊறும். அளந்து ஊற்றினால் ஒழுக என்ன இருக்கிறது என்பது அவர் கணக்கு. டம்ளரால் அளந்துதான் ஊற்றினார். ஒவ்வொரு செடிக்கும் மூன்று குச்சி நட்டு மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினார். செடிகள் பயந்தே வளர்ந்தன என்று மனைவி சொன்னாலும், கோடை தொடங்கியபோது தக்காளியில் காய் பிடித்திருந்தது உண்மை. லிஃப்ட்காரர் அன்றைக்கு மொட்டைமாடியிலிருந்து இறங்கவே இல்லை.

மகளுக்குக் கல்லூரி லீவு விட்டதும் மூன்று பேரும் அக்கா ஊருக்குக் கிளம்பினார்கள். ஒரு வாரம் அங்கே இருந்து, பேசிக் கரைத்து, கையோடு கூட்டிவந்துவிடுவது என்று திட்டம். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மொட்டைமாடிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து, "உங்கள நம்பித்தான் போறேன்" என்றார். மனைவிக்குத் தெரிந்த ஏற்பாடு அவ்வளவுதான். வாட்ச்மேனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆவது என்று எதிர்வீட்டு டிராயிங் டீச்சரிடமும் ஒரு சாவி, அதே வசனம். டீச்சர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டால் என்று பல் டாக்டரிடம் ஒன்று. மூவரில் ஒருவருக்கும் மற்றவர் விஷயம் தெரியாது. சொன்னால் ஆளாளுக்கு அடுத்தவர் ஊற்றுவார் என்று இருந்துவிடுவார்களாம். அதனால் வாயைத் திறக்கவில்லை. போதாததற்கு ஊரிலிருந்து தினமும் மூன்று போன் போட்டு, மறந்துவிடாதீர்கள் என்று நச்சரித்தார்.

அக்கா வீட்டில் விருந்து உபசாரத்துக்குக் குறைவில்லை. பேச்சை எடுத்தால் மட்டும் அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். லிஃப்ட்காரர் பின்னாலேயே போவார். அக்கா இந்தப் பக்கம் வருவார். கடைசியில் மகள்தான் போனை எடுத்து அத்தையிடம் தோட்டத்துப் படங்களைக் காட்டினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் இவனா வச்சான்?"

"அப்பாவேதான். உங்களுக்காகத்தான் அத்தை."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெண்டே நாள், பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்றார். லிஃப்ட்காரருக்கு அதுவே போதும். தக்காளியைக் கண்ணால் பார்த்துவிட்டால் அக்கா திரும்பமாட்டார் என்று சத்தியம் செய்யாத குறையாக நம்பினார்.

கிளம்பும்போது அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திடு" என்றார். அந்தப் பெண் சரி என்றாள். அவ்வளவுதான். லிஃப்ட்காரருக்குப் பகீரென்றது. இன்னொரு வீட்டிலும் சொல்லிவைக்கலாமே என்று திரும்பியவரை, பஸ் போய்விடும் என்று மனைவி கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

வீடு வந்ததும் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் அக்காவை மாடிக்கு அழைத்துப்போனார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாளிகளில் விளிம்புவரை தண்ணீர். அடியில் சேறு, மேலே கொசு. தக்காளி மஞ்சளாகி, அழுகி, உயிரை விட்டிருந்தது. செத்தும் ஒரு செடிகூடக் கீழே விழவில்லை. மூன்று குச்சிகளில் கட்டியிருந்தாரே!

லிஃப்ட்காரர் "ஐயோ" என்று போட்ட சத்தம் கேட்டு வாட்ச்மேன் வந்தார். பின்னாலேயே டீச்சர், அவர் பின்னால் டாக்டர். மூன்று பேர் கையிலும் சாவி. வாட்ச்மேன் விடியற்காலையில் ஊற்றினார், டீச்சர் மத்தியானம், டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு வந்து. மண் ஈரமாகத்தான் இருந்ததாம். "நீங்க அவ்வளவு நம்பிக்கையா சொல்லிட்டுப் போனீங்களே, ஊத்தாம எப்படிங்க இருக்கறது?" என்றார் டாக்டர். மற்ற இருவரும் அவரையும் அவர் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பினார். திருப்பியவர், கணவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டார்.

எல்லாம் போயிற்று. இனி எதைக் காட்டி அக்காவை நிறுத்துவது? நாளைக்கே பஸ் ஏறிவிடுவார். அந்தக் குளியலறை, அந்த ஈரத் தரை. "நல்லாத்தான் இருந்துச்சுக்கா. போட்டோவுல பாத்தியே" என்றார்.

அக்கா ஒரு வாளியைச் சாய்த்து அடியைத் தடவிப் பார்த்தார்.

"ஓட்டை எங்கடா?"

டாக்டர் வீட்டுக் கூரை, டம்ளர் கணக்கு எல்லாவற்றையும் லிஃப்ட்காரர் விளக்கினார். அக்கா முழுக்கக் கேட்டார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போட்டார்.

"நான்தான். தண்ணி நீயே ஊத்திக்கிட்டு இரு. எனக்கு இங்க நிறைய வேலை கிடக்கு."

போனைப் பையில் போட்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வாளியின் முன்னால் குந்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். லிஃப்ட்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார்.