முள்கம்பியைத் தாண்டிப் போன கருப்பன்

இன்று காலை எங்கள் பாச்சாங் வீட்டில் ஒரே களேபரம்!

மகள் ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டை ஆண்டுகொண்டிருக்கும் பெரிய பூனை ஐஸ்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

"ரெண்டையும் வேற வேற ரூம்ல வைக்கணும்லா மா. யூடியூப்ல அப்படித்தான் சொல்றாங்க."

வேறு வேறு ரூமா? நான் வளர்ந்த தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்ததே ஒரு ரூம்தான்! (அதில் நாங்கள் நாலு பேர், ஒரு பூனை.)

வெள்ளைக்காரர்கள் ஆண்ட எமர்ஜென்சி காலம். டுரியான் துங்கால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்களிடமிருந்து அரிசி போய்விடக் கூடாதாம். அதற்காக லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, மூலையில் காவல் டவரும் கட்டி, எங்களை உள்ளே வைத்திருந்தார்கள். கேட்டில் போகும்போதும் சோதனை, வரும்போதும் சோதனை. சாயங்காலம் மணி அடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வேலிக்கு வெளியே ஆள் அசைந்தால் சுடலாம் என்று உத்தரவு.

எங்கள் பூனையின் பெயர் கருப்பன். கிழடு. பல் பாதி கொட்டிவிட்டது, கோபம் மட்டும் கொட்டவில்லை! எலி அரிசி மூட்டையைக் கடிக்கும். இவன் அடுப்புச் சாம்பலில் படுத்துக்கொண்டு ஒரு கண்ணால் வேடிக்கை பார்ப்பான்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றைத் தன் ரப்பர் பால் வாளியில் போட்டு, மூடியும் போட்டுக் கொண்டு வந்துவிட்டார்.

கேட்டில் காவலுக்கு இருந்தவர் ஒரு மலாய்க்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர்.

"வாளியில என்னாக்கா? சத்தம் போடுது?"

மூடியைத் திறந்தார். விழுந்து விழுந்து சிரித்தார்!

வாளியின் அடியில் மிச்சமிருந்த ரப்பர் பாலில் உருண்டு புரண்டு, குட்டியின் உடம்பெல்லாம் ஒட்டுப்பால்! (வருஷக்கணக்காகப் பால் எடுக்க மரம் வெட்டிய அம்மாவுக்கு அது காய்ந்தால் ஒட்டும் என்று தெரியாதா? தெரியும். எலி மேலிருந்த ஆத்திரத்தில் மறந்துவிட்டார்.)

தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து, உரிக்க வராத இடத்தைக் கத்திரியால் வெட்டி, கடைசியில் அங்கங்கே மொட்டையாக ஒரு மஞ்சள் குட்டி வெளியே வந்தது. தம்பி மணிக்கு அப்போது ஐந்து வயது. அதற்குச் சீனி என்று பெயர் வைத்து மடியை விட்டு இறக்கவே இல்லை.

கருப்பன் வந்து மோந்து பார்த்தான். ரப்பர் வாடை, எண்ணெய் வாடை. இது பூனையே இல்லை என்று முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது.

அன்றிலிருந்து சண்டைதான்! சீனி சாப்பிட வந்தால் உர்ர்ர். படுக்க வந்தால் அறை.

"இது சரிப்பட்டு வராது. திரும்ப ஸ்டோர்லயே விட்டுடு" என்றார் அப்பா. மணி அழுத அழுகையில் லயமே கூடிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம். கேட் மணி அடித்தாகிவிட்டது. இன்னும் வெளிச்சம் இருந்தது.

சீனி தெரியாத்தனமாகக் கருப்பனுடைய சாம்பலில் போய்ப் படுத்துவிட்டது. விட்டான் பாருங்கள் ஒரு அறை! குட்டி வாசலைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, முள்கம்பிக்கு அடியில் புகுந்து வெளியே ஓடிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. அதையும் தாண்டி லாலான் புல். புல் ஓரத்தில் உட்கார்ந்து சீனி கத்துகிறது. பாம்பும் மூசாங் என்கிற மரநாயும் திரியும் இடம். இருட்டினால் அது அவ்வளவுதான்.

மணி தரையில் படுத்துக் கம்பிக்கு அடியில் தலையை விட்டுவிட்டான்! அம்மா அவன் காலைப் பிடித்து இழுத்தார். காவல்காரர் துப்பாக்கியோடு ஓடி வந்தார்.

"இஞ்சே, ஐயா, ஒரு நிமிஷம் கேட்டைத் தெறங்க. நான் ஓடிப்போயி தூக்கியாந்துடறேன்" என்று கெஞ்சினார் அம்மா.

"முடியாதுக்கா. அங்க டவர்ல இருக்கிறவன் ஆளு யாருன்னு பாக்க மாட்டான். சுட்டுடுவான்."

அம்மா மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எங்கள் காலடியில் ஏதோ உரசியது.

கருப்பன்!

யாரையும் பார்க்கவில்லை. குனிந்து கம்பிக்கு அடியில் போனான். முதுகில் முள் கிழித்தது, நின்று திரும்பக்கூட இல்லை. அந்த வெட்டவெளியில் தன்னந்தனியாக மெதுவாக நடந்து போனான்.

டவரில் இருந்தவர் துப்பாக்கியைத் திருப்புவது தெரிந்தது. எங்கள் காவல்காரர் இரண்டு கையையும் தூக்கி, சுடாதே, பூனை என்று மலாயில் கத்தினார்.

"ஜாங்கான் தேம்பாக்! குச்சிங்! குச்சிங்!"

கருப்பன் சீனியின் கழுத்தைக் கவ்வினான். இருக்கிற பல்லில் எங்கே பிடி நிற்கும்? நழுவி விழும். மறுபடி கவ்வுவான். கொஞ்சம் இழுப்பான். மறுபடி விழும்.

லயத்து ஜனம் மொத்தமும் வேலி ஓரத்தில் நின்றது.

கம்பிக்கு அடியில் இழுத்து வந்து, மணியின் முன்னால் குட்டியைப் போட்டான்.

போட்டுவிட்டு, அதன் தலையில் இன்னொரு அறை!

"மாஷா அல்லா" என்றார் காவல்காரர், மெல்ல. அம்மா பூனையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சத்தியமாகக் கும்பிட்டார்!

இனி இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தோம். எங்கே! மறுநாள் காலையிலேயே உர்ர்ர். கருப்பன் சாகும்வரை சீனியை அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் ஸ்டோரில் விடலாம் என்ற பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை.

இத்தனை வயதாகியும் எனக்கு விளங்காத ஒன்று. பூனை வளர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கொஞ்சமும் பிடிக்காத அந்தக் குட்டியை, நம் வீட்டுக் குட்டி என்று அவனுக்கு யார் சொன்னது?