பதினொரு பாட்டு

எங்கள் லைனில் யாருடைய ஆடு காணாமல் போனாலும் அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் கிடைத்துவிடும். என் மாமா அதை ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார். கறுப்பு ஆடு, இடது காது கிழிந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது, பொரி காட்டினால் வரும் என்று அவர் சொல்கிற விதத்தில், ஆட்டைப் பிடித்துக் கட்டி வைத்திருப்பவனே சிரித்துவிட்டு அவிழ்த்து விட்டுவிடுவான் என்று அப்பா சொல்வார்.

லைன் என்றால் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை. பக்கத்து வீட்டில் ஒருவர் தும்மினால் இந்த வீட்டில் நூறு வயசு என்று வாழ்த்தலாம். வீடுகளில் மின்சாரம் கிடையாது. லைன் முனையில் இருந்த வாசகசாலையில் மட்டும் இருந்தது. அங்கே ஒரு புத்தர் படம், இரண்டு பெஞ்சு, நேற்றைய பேப்பர், ஒரு ரேடியோப் பெட்டி. ரேடியோ லைன்காரர்களே சந்தா போட்டு வாங்கியது. தபாலாபீசில் எடுத்த லைசென்சும் வாசகசாலை பேரில்தான் இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. சுரங்கத்துக்குள் கல் விழுந்து ஒரு பாதம் நசுங்கியதால், அவரை மேலே லேம்ப் ரூமில் போட்டிருந்தார்கள். கீழே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுப்பதும், மேலே வந்தால் வாங்கி மாட்டுவதும் வேலை. பகல் ஷிப்டு முடிந்ததும் காலை இழுத்துக்கொண்டு நேரே வாசகசாலைக்கு வந்துவிடுவார். ரேடியோவில் இலங்கையிலிருந்து வரும் தமிழ்ப் பாட்டைப் பிடித்து, கம்பத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கருக்குத் திருப்பி விடுவார். நடுநடுவே மைக்கில் லைன் சமாசாரம். கல்யாணம், காதுகுத்து, கிடைத்த சாவிக்கொத்து, தண்ணீர் வராத குழாய். பௌர்ணமி அன்று மட்டும் பாட்டுக்கு முன்னால் பெரியவர் ஒருவர் வந்து புத்த வந்தனம் சொல்வார். அவர் நிதானமாகத்தான் சொல்வார். எங்களுக்கோ பாட்டுக்கு அவசரமாக இருக்கும்.

இதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரும் ஏற்படுத்தியதல்ல, தானாக ஏற்பட்டது. சுரங்கம் ஆழமாகப் போகப் போக, கீழே பாறை இறுக்கம் தாங்காமல் வெடிக்கும். அப்போது மேலே பூமி ஒரு உதறு உதறும், பாத்திரங்கள் கிணுகிணுக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி நடக்கும் என்பதால், ஒவ்வொரு உதறலுக்கும் ஓடிக்கொண்டிருந்தால் அடுப்பில் சோறு வேகாது. பெண்கள் வாசலுக்கு வந்து நின்று காது கொடுப்பார்கள். கீழே யாருக்காவது ஆபத்து என்றால், கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்கள் இறங்கி ஏறும் ஷாப்டு வாசலிலிருந்து ஒரு ஆள் முதலில் வாசகசாலைக்குத்தான் ஓடி வருவான், மாமா உடனே பாட்டை நிறுத்திவிடுவார். பாட்டு நின்றால் எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டு ஷாப்டுக்கு நடப்பார்கள். பாட்டு நிற்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை, உள்ளே போய் வேலையைப் பார்க்கலாம்.

ஒரு மழைக்காலத்தில் கூம்பு ஸ்பீக்கர் விரிசல் விட்டது. பாட்டெல்லாம் சளி பிடித்த மாதிரி வரத் தொடங்கியது. சரிசெய்ய சந்தா சேரவில்லை. அப்போதுதான் கம்பெனி கைகொடுத்தது. ஒன்றுக்கு மூன்று ஸ்பீக்கர், புது ஆம்பிளிபயர், ரெக்கார்டு பிளேயர், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு, அவசரத்துக்கு ஒரு டெலிபோன்கூட. பதிலுக்கு அவர்கள் கேட்டது அதிகமில்லை. எல்லாம் கம்பெனி பேரில் இருக்கும், லைசென்சைக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வாசகசாலைக் காரியதரிசி கையெழுத்துப் போட்டார், ஸ்பீக்கர்களுக்கு மாலை போட்டார்கள், எங்களுக்கு ஆளுக்கு ஒரு மைசூர்பாகு கிடைத்தது. அதில் எனக்கு இரண்டாக வந்தது, மாமா உபயம்.

மாமாவுக்குக் காக்கி உடுப்பு கொடுத்து ஆபரேட்டர் ஆக்கினார்கள். ஆறு மாதம் தற்காலிகம், அதற்கப்புறம் பர்மனென்ட். பங்காரப்பேட்டையில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். காலை இழுத்து நடக்கிற மாப்பிள்ளைக்கு வேலையாவது நிலையாக இருக்கட்டும் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆகையால் அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் மாமா மூச்சு விடுவதைக்கூட அளந்து விட்டார்.

மாற்றங்கள் மெதுவாக வந்தன. முதலில் ஆடுகள் போயின. ஆபீசில் டைப் அடித்து வருவதை மட்டும்தான் படிக்க வேண்டும் என்று கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் சொல்லிவிட்டார், ஆட்டுக்காக யார் டைப் அடிப்பார்கள். பிறகு கல்யாணங்கள் போயின. பிறகு பௌர்ணமி வந்தனம் போயிற்று. ஒரு சாராருக்கு மட்டும் இடம் கொடுத்தால் மற்றவர்கள் கேட்பார்களாம், மற்றவர்கள் யாரும் கேட்டதாக ஞாபகமில்லை. அதற்குப் பதில், வேலைக்கு மட்டம் போடாதிருப்பதன் அவசியம், வெட்டியெடுத்த கல்லின் கணக்கு, துரைமார் வருகை எல்லாம் வந்தன. மாமாவின் குரலும் மாறிவிட்டது. ‘அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே’ என்று அவர் தொடங்கும்போது அது வேறு யாரோ என்று தோன்றும். ஆனால் பாட்டு நிறைய வந்தது. முன்னைவிடத் தெளிவாகவும் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு அக்காதான் அந்தப் பாட்டுகளுக்கு எங்கள் லைனில் முதல் ரசிகை. கல்யாணமாகி இரண்டு வருஷம். கை வேலையைப் பார்க்கும், வாய் பாட்டோடு கூடவே பாடும். எனக்குத் தலை பின்னிவிடும்போது சரணம் வந்தால் பின்னலைப் பாதியில் பிடித்துக்கொண்டு பாடி முடித்துவிட்டுத்தான் மேலே பின்னுவாள். அவள் புருஷனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் அப்பாவுக்கும் சுரங்கத்துக்குள் ஒரே ஆழத்தில், ஒரே லெவலில் வேலை, ஆனால் ஷிப்டு வேறு வேறு.

அன்றைக்கு அப்பா பகல் ஷிப்டு முடிந்து வீட்டில் இருந்தார். அண்ணன் அடுத்த ஷிப்டில் இறங்கியிருந்தார். மாமாவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்க நான் தூக்குப் போணியோடு வாசகசாலைக்குப் போனேன். அங்கே வெல்ஃபேர் ஆபீசர் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பெங்களூர்க்காரர், மெதுவாகப் பேசுவார், குழந்தைகளைக் கண்டால் சிரிப்பார். நான் போணியைக் கீழே வைத்தபோது பூமி உதறியது. வழக்கத்தைவிடப் பெரிய உதறல், டீ தளும்பிக் கொட்டியது. மாமா திட்டுவார் என்று பயந்தேன், அவர் டீயைப் பார்க்கவே இல்லை. அவர் டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. ஆபீசர் எடுத்தார், இரண்டு தடவை சரி என்றார், வைத்தார். மாமாவின் கை ஓடுகிற இசைத்தட்டின் முள்ளுக்குப் போயிற்று.

“வேணாம், ஓடட்டும்” என்றார் ஆபீசர்.

“சார், நிறுத்தலைன்னா ஒண்ணும் இல்லைன்னு நெனச்சிக்குவாங்க சார்.”

“நல்லதுதானே? போன தடவை நீங்களே பார்த்தீங்க. ஜனம் கேட்டாண்ட அடைச்சிக்கினு ஆம்புலன்ஸ் வெளிய வர முடியல. யாரு எவருன்னு எனக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சதும் டைப் அடிச்சு அனுப்புவாங்க, படிங்க.”

“லைன்ல பழக்கம் அப்படி சார். ரொம்ப வருஷமா...”

“பழக்கத்தை மாத்திக்கலாம்” என்றார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல். பிறகு, மாமாவின் பர்மனென்ட் காகிதம் தன் மேஜைமேல்தான் இருக்கிறதென்றும் திங்கட்கிழமை அதை மேலே அனுப்பப் போவதாகவும் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குப் போய் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டு முடிந்து முள் ஓரத்தில் கரகரவென்று சுற்றியது. மாமா அடுத்ததை எடுத்தார். மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, எழுந்து வாசல்படிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வயிற்று வலி என்று நினைத்தேன். நெற்றியெல்லாம் அப்படித்தான் வேர்த்திருந்தது.

ஆபீசர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாப்பா, உனக்கு இன்னா பாட்டு பிடிக்கும்? நீயே போடேன்.”

அந்தப் பெட்டியைத் தொட எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்! விரல் ரேகை பட்டால் தட்டு கெட்டுவிடும் என்று மாமா கிட்டவே விட்டதில்லை. எனக்கு அதன்மேல் இருந்த இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எந்தத் தட்டில் சீட்டு கிழிந்திருக்கும், எதில் மை கொட்டியிருக்கும் என்று பார்த்துப் பார்த்தே மனப்பாடம். எதிர்வீட்டு அக்காவுக்குப் பிடித்ததாக ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். மாமா செய்கிற மாதிரியே விளிம்பைப் பிடித்து வைத்து, முள்ளை அலுங்காமல் இறக்கினேன். ஒரு பாட்டு முடிந்தால் இடைவெளி விழாமல் அடுத்தது. ஆபீசர் சபாஷ் என்றார். பதினொரு பாட்டு போட்டேன். பன்னிரண்டாவதை எடுக்கும்போது சைக்கிளில் ஒரு ஆள் டைப் அடித்த காகிதம் கொண்டுவந்தான்.

மாமா அதைப் படித்தார். நாலு பெயர். எதிர்வீட்டு அண்ணன் மூன்றாவது.

லைனில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உதறியதும் பெண்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அப்பாவிடம், பெரிசாத்தான் குலுங்கிச்சு, ஆனா பாட்டு நிக்கல என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போட்டிருக்கிறாள். எல்லோரும் அப்படியே உள்ளே போயிருக்கிறார்கள்.

மறுநாள் அடக்கம் முடிந்த பிறகு அண்ணனோடு வேலை செய்தவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். “கேஜ் மேல வந்தப்போ உசுரு இருந்துச்சுண்ணே. அரை மணி நேரம் பேசினு இருந்தான். அவள இட்டாந்துடுங்கன்னான். கேட்டைப் பூட்டிட்டாங்க, எவனையும் விடல. பாட்டு அங்கயும் கேட்டுச்சு. ‘பாட்டு ஓடுதே, அவளுக்கு எப்படித் தெரியும்’னு அவனே சொல்லிட்டான்.” எனக்கு அண்ணன் செத்துப்போனதில் அழுகை வந்தது. ஆனாலும் அவரும் என் பாட்டைக் கேட்டிருக்கிறார் என்பது ஓர் ஓரத்தில் பெருமையாக இருந்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

மாமா பர்மனென்ட் ஆனார். கல்யாணமும் நடந்தது. ஓய்வு பெறுகிறவரை அந்த அறையில்தான் இருந்தார், ஒரு நாளும் பாட்டு நின்றதில்லை. ஆனால் அன்றைக்கப்புறம் லேசாகப் பூமி ஆடினால்கூட, பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும், லைனே திரண்டு ஷாப்டுக்குப் போய் நின்றது. ஆபீசர் குறைக்க நினைத்த கூட்டம் மூன்று மடங்காயிற்று. முன்னே நின்றவர்களில் அம்மாவும் ஒருத்தி. அந்தக் கூட்டங்களைப் பற்றி அம்மாவும் மாமாவும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அக்கா வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கம்பெனி வீடு, கம்பெனிக்கு வேலை செய்கிறவர் இல்லாவிட்டால் இருக்க முடியாது. குடியாத்தத்திலிருந்து அவளுடைய அண்ணன் வந்து சாமான் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

“அன்னிக்கு நீதான் பாட்டு போட்டியாமே?”

யார் சொன்னார்களோ. நானாகப் போய்ச் சொல்ல எத்தனை நாளாகக் காத்திருந்தேன். வீட்டில்தான் அங்கே போகாதே என்று தடுத்து வைத்திருந்தார்கள். “ஆமாக்கா, பதினொண்ணு” என்றேன்.

“இன்னா இன்னா பாட்டு, சொல்லு.”

வரிசை தவறாமல் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு விரலை மடக்கினாள். நாலாவது பாட்டுக்கு, “இதுக்கு நான் ஆட்டுக்கல்லாண்ட கூடவே பாடினு இருந்தேன்” என்றாள்.

“உனக்கோசரம்தான் போட்டேன்கா” என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த மற்றதையும் சொன்னேன். “அண்ணன்கூடக் கேட்டாராம்கா.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் திருப்பி உட்காரவைத்து, அவிழ்ந்து கிடந்த என் தலையைப் பின்னத் தொடங்கினாள். எப்போதும் இல்லாதபடி இழுத்து இறுக்கிப் பின்னினாள், வலித்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது. தெருமுனை ஸ்பீக்கரில் அவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, சரணமும் வந்தது. அவள் பின்னுவதை நிறுத்தவே இல்லை. முடித்ததும், “போ” என்றாள்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய், நான் போட்ட பாட்டெல்லாம் அக்காவுக்குப் பிடித்திருந்ததாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.