கலியமூர்த்தி சார் தூங்கிய படங்கள்

அவருடைய எண்ணிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அழைப்பு வரும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் வந்தது. எடுத்ததுமே, "என்ன சார், ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுக்க முடியலியா?" என்று கேட்டேன். அந்தப் பக்கமிருந்து அவர் மகள் தேன்மொழியின் குரல் வந்தது. "ஆண்ட்டி, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க." அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தூக்கத்திலேயே என்ற சொல்தான் என்னை உட்கார வைத்தது.

முதுநகர் ரயில் நிலையத்தின் பார்சல் ஆபீசில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு, இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் மனிதராக அவரைத் தெரிந்திருக்கும். மீன் கூடைக்கும் முந்திரி மூட்டைக்கும் நடுவே நின்றபடியே கண்ணயர்வார் என்று கேலி பேசியிருப்பீர்கள். நான் அவரை அந்த ஆபீசில் பார்த்ததே இல்லை. எங்களைச் சேர்த்துவைத்தது பாட்டுப் புத்தகம்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போதெல்லாம் படம் பார்க்கப் போனால் கொட்டகை வாசலில் மெல்லிய புத்தகம் ஒன்று விற்பார்கள். அட்டையில் நாயகனும் நாயகியும், உள்ளே கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். கதைச் சுருக்கம் சரியாகக் கல்யாணம் நின்றுபோகும் இடத்தில் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருக்கும். நான் குடும்பப் படங்களின் புத்தகங்களை மட்டும் சேர்ப்பவள். அண்ணன் தங்கை, பிரிந்த சகோதரர்கள், மாமியார் மருமகள், இவர்கள்தான் என் அலமாரிக்குள் வரலாம். கத்திச் சண்டைக்கும் பேய்க்கும் அங்கே இடமில்லை. அண்ணாமலை நகரில் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு அடுக்கியவள் நான். எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறி. துருப்பிடித்த கம்பியைப் பிடுங்கிவிட்டு நூலால் தைப்பேன். யாராவது பென்சிலால் கிறுக்கியிருந்தால், தாள் கிழியாமல், வெள்ளை ரப்பரால் மெல்ல மெல்ல அழிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

சிதம்பரம் மேல வீதியில் பழைய புத்தகம் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவர் கடையில்தான் கலியமூர்த்தி சாரை முதலில் பார்த்தேன். நான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பாட்டுப் புத்தகம் அவர் கையில் இருந்தது, ஒரு மடிப்புகூட இல்லாமல். அவரோ பக்கங்களைத் தள்ளி ஓரங்களை மட்டும் பார்த்தார், கீழே வைத்துவிட்டார்.

"வேணாமா சார்?" என்றேன்.

"வேணாங்க மேடம். ஓரத்துல ஒண்ணும் எழுதல."

"எழுதாம இருந்தாதான சார் நல்லது?"

"எனக்கு எழுதுன புக்குதான் வேணும்."

கிறுக்குப் பிடித்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அந்தப் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பாய் தணிந்த குரலில் சொன்னார்: "அவுரு வீட்டம்மா எழுதி வெச்சத தேடறாருக்கா. ஆறு மாசமா இப்படித்தான் சுத்தறாரு."

பிறகு பக்கத்து டீக்கடையில் கலியமூர்த்தி சாரே முழுவதையும் சொன்னார். அவர் மனைவி மங்கைக்குப் படம் என்றால் உயிர். இவருக்கோ இரவு முழுக்க வேலை. விடிந்து வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மனைவியை மேட்னி ஷோவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கொட்டகையில் விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவார். திரும்பி நடந்து வரும்போது மங்கை கதையைச் சொல்ல, இவர் உம் கொட்டுவார். மங்கை காலமான மூன்றாம் மாதம், மனைவியின் பொருள்களைப் பார்க்கச் சகிக்காமல், இரண்டு சாக்கு நிறைய வாரப் பத்திரிகைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் முதுநகரில் ஒரு பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார். அப்புறம் ஒருநாள் புடவைப் பெட்டியின் அடியில் ஒரே ஒரு பாட்டுப் புத்தகம் அகப்பட்டது. திறந்து பார்த்தால், ஒவ்வொரு பாட்டின் ஓரத்திலும் பென்சிலால் பொடி எழுத்து. இந்தப் பாட்டில் யார் அழுகிறார்கள், யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்று இடைவேளை வெளிச்சத்தில் மங்கை எழுதி வைத்திருக்கிறார். நடுநடுவே, 'இவர் தூங்கிவிட்டார்.'

"நாப்பது படமாச்சும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன் மேடம். நாப்பதுலயும் தூங்குனேன். ஒருநாள்கூட அவ வாயத் தொறந்து கோச்சுக்கல. அதான் எனக்குப் பயமா இருக்கு. மனசுல கோச்சுக்கிட்டாளா, புக்குல எங்கனா எழுதிருக்காளா, அது தெரியணும்."

அந்தப் படங்கள் எல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கின்றனவே, உட்கார்ந்து பாருங்களேன் என்று புத்தி சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "படத்தப் பாத்தா படந்தான் தெரியும். அவ பாத்தது தெரியாதே."

பிறகு சட்டைப் பையிலிருந்து, பாலித்தீன் உறையில் சுற்றிய அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நான் பார்த்தேன். வலது பக்கம் சாய்ந்த அந்த எழுத்தும், கொம்பை நீளமாகச் சுழிக்கும் அந்த வழக்கமும் எனக்கு நன்றாகத் தெரியும். முந்தைய வருடம் பாய் எனக்கென்று எடுத்து வைத்த ஒரு கட்டில் பதினான்கு பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. முதுநகர்ச் சரக்கு என்று சொல்லியிருந்தார். பதினான்கிலும் இதே எழுத்து. 'இவர் தூங்கிவிட்டார்' என்று வந்தபோதெல்லாம் சிரித்துக்கொண்டே, ஒரு வாரம் உட்கார்ந்து, ஓர் எழுத்து விடாமல் நான் அழித்திருந்தேன்.

அன்று வாய் திறக்கவில்லை. மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அவரை வீட்டுக்கு வரவழைத்து, பதினான்கையும் மேசைமேல் அடுக்கி, நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து வெள்ளை ஓரத்தை விரலால் தடவினார். சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நான் வேலையில் கெட்டிக்காரி, ஒரு தடம்கூட மிச்சம் வைத்திருக்கவில்லை. "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். குடித்தார். "அவ இல்லாத புக்கு எனக்கு எதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஐந்து மாதம் எந்தப் பேச்சும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பென்சில்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சிருப்பீங்கல்ல?"

"படிச்சேன் சார்."

"அப்ப அவ எழுதுனதப் படிச்ச ஆளு இந்த ஊர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். என்ன எழுதியிருந்தா? சொல்லுங்க."

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. வர முடியாத வாரங்களில் போனில் கேட்பார். நான் கண்ணை மூடி யோசிப்பேன். முதல் மாதத்தில் இரண்டு வரி வந்தது. 'அக்காளாக வருகிறவளின் பச்சைப் புடவை போல என்னிடமும் ஒன்று உண்டு. சாயம் போய்விட்டது.' இதைச் சொன்னபோது, நான் காட்டிய பக்கத்தில் தன் கையாலேயே அதை எழுதிக்கொண்டார். 'இந்த மாமியார் எங்கள் மாமியாரைவிட எவ்வளவோ தேவலை' என்ற வரியைச் சொன்னபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்கம்மாவ இப்டி சொல்லிட்டாளே! சரிதான், எங்கம்மா ஜாஸ்திதான் பண்ணுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "என்னப் பத்தி? கோவமா எதுனா?"

தூங்கிவிட்டார் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நினைவு என்ன, குழாயா, திருகினால் கொட்ட? அவர் விடமாட்டார். ஒரு தைப்பூசத்தில் வடலூர்த் தெருக்கடை ஒன்றில் மங்கை எழுதிய இன்னொரு புத்தகம் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அப்படியே பேருந்து ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டார். இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து படித்தோம். அதிலும் இரண்டு இடத்தில் 'இவர் தூங்கிவிட்டார்', அவ்வளவுதான். "புள்ளி வெச்சு நிறுத்திட்டா பாத்தீங்களா? கோவந்தான் மேடம்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன், கேட்கவில்லை.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் அவருக்கு நடை தளர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொய் சொன்னேன். "இப்பதான் சார் ஞாபகம் வந்தது. 'இன்று இவர் தூங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார்' அப்டின்னு ஒரு புத்தகத்துல எழுதியிருந்தாங்க" என்றேன். அவர் பென்சிலை எடுக்கவே இல்லை. என்னையே பார்த்துச் சிரித்தார்.

"நல்லாதான் இருக்கு மேடம். ஆனா அது அவ இல்ல. அவ ஒரு நல்லது சொல்லணும்னா முன்னாடி ரெண்டு குத்து குத்திட்டுதான் சொல்லுவா. நீங்க மெனக்கெட்டு எனக்காகச் சொல்றீங்க. பரவால்ல, டீ போடுங்க."

அவ்வளவு வெட்கம் அதற்கு முன் எனக்கு எப்போதும் வந்ததில்லை. அடுப்படியில் நின்று அழுதுவிட்டுத்தான் டீயோடு வந்தேன். நான் அழித்ததையும், அழித்த இடத்தில் பொய்யை எழுதப் பார்த்ததையும் சேர்த்து மன்னித்த மனிதர் அவர். கடைசி ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்டார், "எதுனா வந்துச்சா மேடம்?" இல்லை சார் என்றேன். "சரி, அவசரமில்ல. வரும்போது வரட்டும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள்தான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை முதுநகர் போய், மாலை போட்டு, தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் பாசஞ்சரில் திரும்பினேன். எதிர் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அந்த ஆள் அவள் தோளில் சாய்ந்து நல்ல தூக்கம். பரங்கிப்பேட்டை தாண்டியதும் கடலைக்காரர் கூவிக்கொண்டே வந்தார். அந்தப் பெண் கணவனின் காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தள்ளிப் போங்கண்ணே என்பதுபோல் அவருக்குச் சைகை காட்டினாள்.

அப்போது வந்தது. பதினான்கில் ஒன்று, நீல அட்டைப் புத்தகம், மூன்றாவது பாட்டு, வலது ஓரம், கீழே. நான் ரப்பரை எந்தப் பக்கத்திலிருந்து வைத்துத் தேய்த்தேன் என்பதுகூடத் தெரிந்தது. 'வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பின்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கின்றன. எழுப்ப மனசு வரவில்லை.'

இரண்டு குத்து, பிறகு ஒரு நல்லது. இது நான் கட்டியது இல்லை. என் பிள்ளைகள்மேல் ஆணையாக இல்லை.

கை தானாகக் கைபேசியை எடுத்து அவர் எண்ணை அழுத்திவிட்டது. தேன்மொழிதான் எடுத்தாள். "சொல்லுங்க ஆண்ட்டி, வீடு போயிட்டீங்களா?" என்றாள். "போய்க்கிட்டே இருக்கேம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஒன்பது வருடமாக அவர் என் வாசலில் வந்து கேட்ட பதில் என்னிடமேதான் கிடந்திருக்கிறது. கலியமூர்த்தி சாரிடம் சேராமல் என்னிடம் நின்றுவிட்டது அந்த ஒரு வரிதான். பென்சிலை எடுத்து, அந்தப் பக்கத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படிக்க வேண்டியவர் இல்லை.

அவுங்க கோச்சுக்கல சார்.