பதில் வேண்டாத கேள்வி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் வாயிலிருந்து முற்றுப்புள்ளி வைத்த வாக்கியம் ஒன்று வந்து யாரும் கேட்டதில்லை. மனிதர் எதையும் கேள்வியாகத்தான் பேசுவார். கூடையில் கொழுந்து குறைந்தால், "கையில வெரல் இருக்கா, இல்லையா?" என்பார். மழைக்கு ஒதுங்கினால், "நீ என்ன சீனியா, கரஞ்சு போக?" என்பார். இரண்டு பெண்கள் நின்று நாலு வார்த்தை பேசினால், "இது ஒங்கப்பன் வீட்டுத் தோட்டமா?" இத்தனை கேள்விக்கும் கேட்கப்பட்டவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும்.

எனக்கு அந்தத் தலைகுனிவு அந்த வயதிலேயே ஆகாது. கேள்வி வந்தால் பதில் போக வேண்டும், அதுதானே மரியாதை? வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். கந்தப்பளை டவுன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்க எனக்கு இடம் கிடைத்தபோது அப்பா சந்தோஷப்பட்டாரா, பயந்தாரா என்று தெரியவில்லை. "போச்சு, இனிமே ரெண்டு பாஷையில வாயாடுவா" என்று மட்டும் சொன்னார்.

இங்கிலீஷ் டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். எங்கள் ஊர்க் குளிருக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அப்போதும் கையைத் தேய்த்தபடிதான் பாடம் நடத்துவார். அந்தப் பள்ளித் தவணையில் அணியிலக்கணம் எடுத்தார். ஒன்றைப் போல இன்னொன்று என்று சொன்னால் அது சிமிலி. இருப்பதைவிடப் பெரிதாக்கிச் சொன்னால் ஹைப்பர்போலி. நாங்கள் தினமும் பேசுகிற பேச்சுக்கெல்லாம் வெள்ளைக்காரன் இப்படிப் பெயர் வைத்திருக்கிறான் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. கடைசியாக டீச்சர் கரும்பலகையில் நீளமாக ஒன்றை எழுதினார். ரெட்டாரிக்கல் கொஸ்டியன்.

"இது பதில் வேண்டாத கேள்வி, பிள்ளையள். கேக்கிற ஆளுக்குப் பதில் தேவையில்லை. விளங்கினதோ?"

எனக்கு விளங்கிவிட்டது. அப்படிக் கேட்கிற ஆளையே எனக்குத் தெரியுமே! நான் எழுந்து நின்று, "பதில் சொன்னா என்ன ஆகும் டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "சொன்னால் அந்தக் கேள்வி கெட்டுப்போகும்" என்றார். வகுப்பு சிரித்தது. ஒவ்வோர் அணிக்கும் அவரவர் வீட்டுப் பேச்சிலிருந்து உதாரணம் தேடி, இங்கிலீஷில் எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார்.

பின்னால் நானே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். பதில் வேண்டாத கேள்வி என்று ஒன்று கிடையாது, பதில் சொல்ல விடாத கேள்விதான் உண்டு என்பது என் கட்சி. எந்தப் பாடப்புத்தகமும் இதை ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

அந்த வாரம் எங்கள் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கிற குடியிருப்பில், வேறொரு தொல்லை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த சின்னம்மாவுக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, கைக்குழந்தை. காலையில் ஆட்களை எழுப்புகிற தப்புக்கொட்டு அடித்ததும் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை அங்கே ஆயாம்மா பார்த்துக்கொள்வாள். அங்கே உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுத்தான் சின்னம்மா பெரட்டுக்கு வர வேண்டும். குழந்தையோ அவசரம் தெரியாத ஆள். ஒரு பக்கம் குடித்துத் தூங்கி, விழித்து, மறுபக்கம் குடிப்பான். பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து, எந்த மலையில் யார் கொழுந்து எடுப்பது என்று பிரித்து முடிவதற்குள் அவளால் வந்து சேர முடியவில்லை. கணக்கப்பிள்ளை பேர் போடாமல் அவளைத் திருப்பி அனுப்பினார். அடுத்தடுத்து மூன்று நாள். மூன்றாம் நாள், "பத்துச்சீட்டு வாங்கிக்கிட்டுப் போறியா?" என்று கேட்டாராம்.

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தைவிட்டு அனுப்புகிற சீட்டு. பெண்சாதிக்குக் கொடுத்தால் புருஷனுக்கும் கொடுப்பார்கள். காம்பராவைக் காலி செய்துவிட்டு, பெட்டியும் பிள்ளையுமாக ரோட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னம்மா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சீனித்தண்ணீர் பழக்கிப் பார்த்தாள். காலைப் பாலை நிறுத்திவிட்டால் நேரத்தோடு பெரட்டுக்குப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு. அவன் துப்பினான். மறுபடியும் கொடுத்தாள். மறுபடியும் துப்பினான். எங்கள் குடும்பத்தில் என்னைவிட வீம்புக்காரன் ஒருவன் பிறந்திருக்கிறான் என்று எனக்கு ஒரே பெருமை. சின்னம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே, "அழுகாதடி, பழகிருவான்" என்றாள். கடைசிக் காம்பராவிலிருந்து நெருப்பு வாங்க வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, நெருப்பை மறந்துவிட்டுச் சீனித்தண்ணீர்க் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாரும் வாடிப்போயிருந்தார்கள். நான் என்னால் ஆனதைச் செய்வோம் என்று அன்றைய பாடத்தை எடுத்துவிட்டேன். சிமிலி என்றதும் சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளக்குச் சிமினியா?" என்றாள். நான் சிரித்து, அவளும் சிரித்தாள். அப்புறம் கணக்கப்பிள்ளை கேட்கிற கேள்விகளுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்றேன். அவை பதில் வேண்டாத கேள்விகள்.

"பதில் சொன்னா?" என்று கேட்டாள் அத்தை.

"சொன்னா கேள்வி கெட்டுப்போயிருமாம் அத்தே. டீச்சர் சொன்னாங்க."

"கெட்டுப்போயிருமா?"

"ஆமா."

அத்தை கரண்டியை வாங்கிச் சீனித்தண்ணீரை அடுப்படி ஓரத்தில் ஊற்றினாள். "பாலக் குடுத்துட்டே வா நாளைக்கு" என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு, நெருப்பை எடுக்காமலேயே போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, தோட்டத்தில் வேலை உண்டு. நான் கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு பெரட்டுக்களத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தால் போதும், வீட்டுப்பாடம் முடிந்துவிடும். பனி இறங்கி எதிரே இருக்கிற மலை தெரியவில்லை. தலையில் கம்பளியும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாகப் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு பேர் போட்டு முடிக்கிற நேரத்தில் சின்னம்மா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. ரவிக்கையில் பால் ஈரம்.

"என்ன மகாராணி, இப்பத்தான் விடிஞ்சுதா?"

சின்னம்மா தலையைக் குனிந்தாள்.

"ஒலகத்துல புள்ள பெத்தது நீ ஒருத்திதானா?"

"இல்லீங்க ஐயா" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நானும் பெத்திருக்கேனுங்க."

அத்தைதான். குரலில் குறும்பு இல்லை, கோபம் இல்லை. பேர் கூப்பிட்டால் 'இருக்கேனுங்க' என்று சொல்வது போலச் சொன்னாள். கணக்கப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

"ஒன்னய யாரு கேட்டது?"

"ஐயாதாங்க கேட்டீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தைக்கு அடுத்து நின்றவள், "நானும் பெத்திருக்கேனுங்க" என்றாள். அதற்கடுத்தவள், "நானுமுங்க." வரிசையின் கடைசி வரைக்கும் அது ஒவ்வொருத்தியாகப் போனது. எல்லாம் 'ங்க' போட்ட, மரியாதையான பதில்கள். ஒன்றிலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

"என்ன, எல்லாத்துக்கும் வாய் நீண்டுபோச்சா?"

"இல்லீங்க, இருந்த வாய்தாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நான் பிள்ளை பெறவில்லையே, என்ன பதிலைச் சொல்வது? அவரே வழி விட்டார்.

"இது பெரட்டா, பள்ளிக்கூடமா?"

"பெரட்டுங்க!" என்று கத்தினேன். "பள்ளிக்கூடம் டவுன்ல இருக்குங்க."

பெண்கள் கம்பளிக்குள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையின் முகம் சிவந்தது. என்னை விட்டுவிட்டு என்னைப் பெற்றவளிடம் போனார்.

"ஒங்களுக்கெல்லாம் வோட்டு இருக்கா? நாடு இருக்கா? எத வச்சுக்கிட்டு இந்த வீம்பு?"

தோட்டத்துத் தமிழர்களின் குடியுரிமையையும் வோட்டுரிமையையும் இலங்கை அரசாங்கம் பறித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். அந்தக் கேள்விக்கு எங்கள் லயத்தில் ஆண்பிள்ளைகள்கூட வாயைத் திறக்கமாட்டார்கள். அம்மா, அதுவரை யாரிடமும் அதிர்ந்து பேசி நான் பார்த்திராத அம்மா, தலையை நிமிர்த்தினாள்.

"வோட்டு இல்லீங்க ஐயா, புடுங்கிட்டாங்க. நாடு இருக்கான்னு தெரியலீங்க. வீம்புதாங்க மிச்சம் இருக்கு."

அன்று எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை பாஸ் பண்ணியும் வந்ததில்லை. கணக்கப்பிள்ளைக்குக் கேள்விகள் தீர்ந்துகொண்டு வந்தன. ஆரம்பித்து வைத்தவள் மேலேயே பாய்ந்தார். அத்தையின் முன்னால் போய் நின்று, "அப்பிடி எத்தனயப் பெத்துக் கிழிச்சிட்ட நீ?" என்றார்.

"ஒம்பதுங்க" என்றாள் அத்தை. "நாலுக்குச் சோறு போடுறேனுங்க. அஞ்ச தேயிலைக்குக் குடுத்துட்டேனுங்க."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அத்தைக்குப் பிள்ளைகள் நாலு பேர்தான் என்று எனக்குத் தெரியாதா? நாலு பேரோடும் தினமும் சண்டை போடுகிறவள் நான். ஒரு போடு போட்டாளே அத்தை! நான் சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். சுற்றிப் பார்த்தால் வேறு யாரும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளை குடையின் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். பனிக்குள் எங்கேயோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போங்க" என்றார் அவர். "நெரைக்குப் போங்க." பிறகு சின்னம்மாவைப் பார்க்காமல், "நீயும் போ" என்றார்.

மூன்று வாக்கியங்கள். மூன்றிலும் கேள்வி இல்லை. நான் கொப்பியில் குறித்துக்கொள்ளலாமா என்று பார்த்து, இவை எந்த அணியிலும் சேராது என்று விட்டுவிட்டேன்.

அதற்காக மனிதர் ஒரேயடியாகத் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றிலிருந்து ஒரு மாதம் முழுவதும் அம்மாவுக்கும் அத்தைக்கும் காலை ஊன்ற இடமில்லாத சரிவான மலைதான் கிடைத்தது. அட்டைக்கடியில் இருவர் காலும் புண்ணாகின. ஆனால் சின்னம்மா பால் கொடுத்துவிட்டு வந்தாள். பிந்தியும் வந்தாள். பத்துச்சீட்டைப் பற்றி அப்புறம் யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவள் மகன் இன்றைக்குப் பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். சீனியைக் கண்டால் இப்போதும் அவனுக்கு ஆகாது.

திங்கட்கிழமை நான் கொடுத்த வீட்டுப்பாடம் வகுப்பிலேயே பெரியது. பதில் வேண்டாத கேள்விக்கு மட்டும் ஒரு பக்கம் முழுக்க உதாரணம். ஹைப்பர்போலிக்கு அத்தை சொன்னதை எழுதியிருந்தேன். ஒன்பது பிள்ளை பெற்றாள், ஐந்தைத் தேயிலைக்குக் கொடுத்தாள் என்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். டீச்சர் அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு சரி போட்டு, மிக நன்று என்றும் எழுதியிருந்தார்.

அந்த ஐந்தையும் நான் தெரிந்துகொண்டது வெகு காலம் கழித்து, அத்தையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வரும்போது. தேயிலைச் சரிவின் கீழ்ப்பக்கம், தண்ணீர் ஓடுகிற கானை ஒட்டி இருந்த நாலைந்து தேயிலைத் தூர்களை அம்மா கையால் காட்டினாள். கல் இல்லை, அடையாளம் இல்லை. எல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் போனவை. முப்பது நாள் தாண்டாதவை மூன்று. காய்ச்சலில் ஒன்று. மற்றது, பெரட்டுக்கு நேரத்தோடு போக வேண்டும் என்று அத்தை பாலை மறக்கடித்துச் சீனித்தண்ணீருக்குப் பழக்கிய பிள்ளை. அங்கே கொழுந்து எடுக்கப் போனால் அத்தை அந்தத் தூர்களில் கை வைக்கமாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். நான்கூட ஒரு தடவை, "அத்தைக்குச் சோம்பல்" என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கொப்பியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைசிக் காம்பராவுக்கு ஓடினேன். அத்தை வாசலில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சரியைக் காட்டினேன்.

"என்னடி எழுதியிருக்கு?"

"பெரட்டுல நீங்க சொன்னதுதான் அத்தே. ஒம்பது பெத்தது, அஞ்சு தேயிலைக்குக் குடுத்தது. இதுக்கு ஹைப்பர்போலின்னு பேரு."

"அப்பிடின்னா?"

"இல்லாததையெல்லாம் இருக்கிற மாதிரி பெருசாக்கிச் சொல்றது."

அத்தை விரலைப் படங்கில் துடைத்துக்கொண்டு, அந்தச் சிவப்புச் சரியின் மேல் மெதுவாக ஒருதரம் தடவினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப அந்த அஞ்சும் பொய்யாடி?"

அது எந்த வகைக் கேள்வி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவ்வளவு படித்திருந்தேன். பதில் சொன்னால் கெட்டுப்போகும் என்று, வாயாடியான நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.