நாலு விரல் தண்ணீர்

நம்பினால் நம்புங்கள், இது என் வீட்டில் நடந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எங்கள் போர்வெல் வறண்டு பத்து நாள். மோட்டார் போட்டால் காற்றுதான் வந்தது. வீட்டிலோ மூன்று மாதக் கைக்குழந்தை. லாரித் தண்ணீர் வாங்கி, வாசலில் நான்கு டிரம்களில் நிரப்பினேன்.

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. விரல் வைத்துத் தண்ணீரை அளப்பேன். மதியம் இரண்டு மணிக்கு ஒரு அளவு இருக்கும். மூன்று மணிக்குப் பார்த்தால் நாலு விரல் குறைந்திருக்கும். மூடியோ வைத்தபடியே இருக்கும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

மாடியில் மனைவியின் தம்பி. இரவு ஷிப்ட் வேலை, பகலில் வீட்டில்தான் இருப்பான். வேறு யார் எடுக்கப்போகிறார்கள்?

“மச்சான், உண்மையைச் சொல்லு.”

“அத்தான், நான் கம்பெனியிலேயே குளிச்சிட்டு வர்றேன்.”

நான் நம்பவில்லை. அடுத்த லாரி வந்ததும் டிரம்களை எங்கள் படுக்கையறையில் வைத்து விளிம்புவரை நிரப்பினேன்.

“குழந்தை தூங்குற ரூமுங்க...” என்றாள் மனைவி.

“அதனாலதான். இங்க எவனும் வர மாட்டான்.”

முதல் நாள் மதியம் ஒரு விரல்கூடக் குறையவில்லை. திருட்டுப்பயல் என்று மச்சானை முறைத்தேன்.

இரண்டாம் நாள், மதியம் 2.20. மனைவி அசந்து தூங்கினாள். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

மடக்... மடக்...

யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம். டிரம்களைத் திறந்து பார்த்தேன். நான்கிலும் அளவு அப்படியே இருந்தது.

மடக்... மடக்...

எனக்குப் பின்னால்...

தொட்டிலில்.

துணியை விலக்கினேன். மகன் மட்டும்தான் இருந்தான். அவன் வாய் மூடியிருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

2.31. நின்றது.

தூக்கினேன். கையில் கனமே இல்லை. உதடுகள் வெடித்திருந்தன. அழுதான்... கண்ணீர் வரவில்லை. மனைவியை உலுக்கி எழுப்பினேன்.

மச்சான்தான் வண்டியை விரட்டினான். அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

டாக்டர் குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். “பால் குடுத்து எத்தனை நாளாச்சு?”

“ஒரு மணிக்குத்தானே டாக்டர், வயிறு முட்டக் குடிச்சான்,” என்றாள் மனைவி.

“பொய் சொல்லாதீங்கம்மா. ரெண்டு நாளா இந்த உடம்புல ஒரு சொட்டு இறங்கலை.”

மகன் பிழைத்துவிட்டான். ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது, நர்ஸ் என்னைத் தனியாக அழைத்தார்.

“சார், அன்னைக்கு முதல்ல மாட்டின குளுக்கோஸ் பாட்டில்...”

“ஆமா.”

“நான் ஊசி குத்துறதுக்கு முன்னாடியே காலியாயிடுச்சு.”