ஒரு தாயாவது உயிரோடு இருக்கட்டும்

வாசகரே, உங்கள் குடும்பத்தை நாடகமாக்கித் தொலைக்காட்சியில் காட்டப்போகிறோம், ஆனால் ஒருவரை நீக்கிவிட வேண்டும் என்று யாரேனும் கேட்டால், நீங்கள் யாரைக் கொடுப்பீர்கள்?

நான் பாரிஸின் லா சப்பலில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இயங்கும் தமிழ்த் தொலைக்காட்சி நிலையத்தில், பிரெஞ்சு நாடகங்களுக்குத் தமிழ் உரையாடல் எழுதுகிறேன். திரையில் இருப்பவர் வாயைத் திறந்திருக்கும்வரை நாம் வாயை மூட முடியாத தொழில் இது. இங்கே பட்ட பாடுகளைச் சொல்கிறேன். நாடகம் பார்த்துப் பாடுபடும் உங்களுக்குப் புரியும். ஆனால் எழுதுவது எங்களோடு குரல் கொடுக்கும் ஒருவரின் மகள், எட்டு வயது நிலாவுக்காக. இரண்டு அம்மாக்கள் உள்ள தன் வீட்டைப் போன்ற ஒரு வீடு, கடைசிவரை குலையாமல் தமிழில் பேசுவதை அவள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

அக்காவும் தங்கையும்

மணம் முடித்த இரு பெண்கள் தங்கள் மகளை வளர்க்கும் நாடகம் அது. முதற்பகுதியைப் பார்த்ததும் எங்கள் முதலாளி கணேசன் அண்ணை கட்டளையிட்டார்: "எங்கடை சனம் பிள்ளையளோடை இருந்து பாக்கிறது. ரெண்டு பேரையும் அக்கா தங்கச்சி எண்டு எழுதிவிடுங்கோ, மாஸ்டர்." இருபது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாய்மை கற்பித்த நான், தலையாட்டிவிட்டு எழுதினேன். நான்கு பகுதிகள் அக்காவும் தங்கையும் மிக ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்.

ஐந்தாம் பகுதியில் அவர்களுடைய திருமண நாள் வந்தது. நகரசபையில் எடுத்த கலியாணப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, இருவரும் நெடுநேரம் முத்தமிட்டார்கள். நான் தங்கையின் வாயில் பொருத்தியிருந்த "நல்லா இருக்கிறியா, அக்கா?" என்ற வரி ஒலித்தது. பொய்யைக் கொண்டு மானம் காக்கப் புறப்பட்டவர்கள் போய்ச் சேரும் இடம் இதுதான். ஐந்து பகுதிகளையும் மறுபடி ஒலிப்பதிவு செய்ய உத்தரவிட்ட கணேசன் அண்ணை, நெற்றியைத் துடைத்தபடி சொன்னார்: "கலியாணம் எண்டே விட்டிருந்தால் இவ்வளவு அசிங்கமா இருந்திராது, மாஸ்டர்."

அழுக்குத் துணி இல்லாத வீடு

அந்த அம்மாக்களுள் ஒருத்திக்குக் குரல் கொடுப்பவர் சுகந்தி. நாடகத்துச் சமையலறை மருத்துவமனை போல வெள்ளையாக இருக்கும். இருவரும் கையில் வைன் கிண்ணத்துடன், 'நாம் நல்ல தாய்மார்தானா?' என்று கண்கலங்கிப் பேசுவார்கள். பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்தை எவரும் தேடுவதில்லை. ஏழாம் பகுதியில் ஆறாவது முறையாகப் பெருமூச்சு விட்ட சுகந்தி, ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டு, தன் வீட்டில் தானும் மேரியும் நிலாவும் வாழும் வாழ்வில் இப்படி ஆறுதலாக அழ ஒரு நேரமும் கிடைப்பதில்லை என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புறநகரான ஸ்தேனில் அவரோடு ஒரே வீட்டில் வசிக்கும் மேரியை இரண்டு ஆண்டுகளாக நான் அவருடைய மச்சாள் என்றே எண்ணியிருந்தேன். நாடகத்தை மாற்றச் சொன்னவர் முதலாளி; ஒருவரும் சொல்லாமலே ஒரு குடும்பத்தை மனத்துக்குள் மாற்றி எழுதியவன் நான். மன்னிப்புக் கேட்டேன். சுகந்தி திரையைக் காட்டினார்: "அதை விடுங்கோ, மாஸ்டர். இவை ரெண்டு பேருக்கும் ஒருநாளாவது உடுப்புத் தோய்க்கிற வேலை இல்லையோ?"

கவலை போதாது

நாடகத்துப் பிள்ளைக்குக் குரல் கொடுக்க நிலாவையே அழைத்தோம். "எனக்கு ரெண்டு அம்மா" என்பது அவளுடைய முதல் வரி. திரையில் அந்தப் பிள்ளை அதைத் தலைகுனிந்து, இரகசியம் போலச் சொல்கிறது. நிலாவோ தன் வீட்டுக் கதவிலக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பிள்ளை, கொஞ்சம் கவலையாச் சொல்லம்மா" என்று கெஞ்சினார் கணேசன் அண்ணை. மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் கதவிலக்கம்தான். "புர்குவா?" என்று பிரெஞ்சில் ஏன் எனக் கேட்டவள், எங்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்று எண்ணி, இரக்கத்தோடு தமிழுக்கு வந்தாள்: "ஏன் கவலை? இண்டைக்குச் சனிக்கிழமைதானே!"

ஆர்ஜொந்தெயிலிருந்து ஒரு முறைப்பாடு

நாடகம் ஒளிபரப்பாகத் தொடங்கிய மறுநாள் தொலைபேசி ஒலித்தபோது, எடுக்க எல்லோரும் அஞ்சினோம். கடைசியில் நான் எடுத்தேன். பாரிஸுக்கு அருகே ஆர்ஜொந்தெயில் வசிக்கும் ஒரு அம்மையார் கோபமாக இருந்தார். பண்பாடு பற்றிய உரையொன்றுக்கு நான் ஆயத்தமானேன். அவர் கேட்டது வேறு: "ரெண்டு தாய் இருந்தும் அந்தப் பிள்ளை இரவிலை காய்ஞ்ச பாண் தின்னுது. ஒரு புட்டு அவிச்சுக் குடுக்க ஆளில்லையோ?"

கடைசிப் பகுதி

இதற்கு முன் வேறிடத்தில், இரு தாய்மார் வரும் இரண்டு நாடகங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்றில் ஒரு தாய் நோயில் இறந்தாள். மற்றதில் ஒருத்தி ஆற்றில் வீழ்ந்தாள். இந்த நாடகத்தின் கடைசிப் பகுதி வந்தது. சுகந்தியின் குரலில் பேசிய தாய் கார் மோதி இறந்தாள்.

காதுக் கருவியைக் கழற்றிய நிலா கேட்டாள்: "அம்மா, அடுத்தது நீங்களோ?" சுகந்தி சிரித்தார். "அந்த நாடகத்து அம்மாவுக்கு வேற வேலையில்லை, செல்லம். எனக்கு நாளைக்கு வேலை இருக்கு." பிறகு ஒலிப்பதிவைக் கேட்டபோது, அந்தச் சிரிப்புக்குப் பின்னே நெஞ்சு விம்மும் ஓசையும் பதிவாகியிருந்தது. அதை எந்த நாடகத்திலும் நான் கேட்டதில்லை.

ஒரு படப்பிடிப்பாளர் இருந்தாராம். குடும்பப் படம் எடுக்கும்போதெல்லாம், அழகுக்காக ஒருவரைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்துவாராம். படங்கள் அழகாகத்தான் வந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு குடும்பமும் வரவில்லை. இந்தக் கதையைக் கணேசன் அண்ணைக்குச் சொல்லி, அடுத்த நாடகத்துக்கான பட்டியலில் இரு தாய்மாரும் இறுதிவரை வாழும் நாடகம் ஒன்று இருப்பதைக் காட்டினேன். இந்த வாரமே அவர் முடிவு செய்ய வேண்டும். அவர் பட்டியலைத் திருப்பித் தந்தார்: "ஒருத்தரும் சாகாத நாடகத்தை ஆர் பாப்பினம், மாஸ்டர்? சனம் கேக்கட்டும், எடுக்கிறன்."

கேளுங்கள், வாசகரே. நல்லெண்ணத்தை மனத்தில் வைத்திருந்தால் முதலாளிக்குக் கேட்காது. நிலையத்துக்கு அழைத்துச் சொன்னால்தான் கேட்கும். மூன்று நாடகங்களில் மூன்று தாய்மாரைப் புதைத்தது என் பேனா. நான்காமவளையாவது பிழைக்க வைக்க உங்கள் ஒரு விரல் போதும், இன்றே அழையுங்கள்.