அவருடைய பெயரில் ஒரு கட்டத்துணி

மகளின் கலியாணம் பேசி முற்றான பிறகு ஒரு சனிக்கிழமை சம்பந்தி அம்மா கூடை நிறைய நூலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். மெல்பேர்ணில் ரோவிலில் இருக்கிற அந்த வீட்டில், என் கணவர், இவர் காலமான பிறகு நான் மட்டும்தான். மகளுக்குச் சிட்னியில் வேலை. அங்கேயே கிரவீனில் இருந்தாள். அவள் விரும்பிய பையனின் குடும்பம் ஸ்கொட்லாந்தில் இருந்து வந்து மெல்பேர்ணில் பல தலைமுறையாக இருப்பது. சம்பந்தி அம்மா பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது தமிழில்.

அவர் வீட்டுக் கராஜில் ஒரு தறி வைத்து நெய்கிறவர். ஸ்கொட்லாந்துக்காரர் விசேஷங்களுக்கு உடுக்கும் கட்டம் போட்ட கம்பளித் துணிக்கு டார்ட்டன் என்று பெயர். ஒவ்வொரு குலத்துக்கும் ஒவ்வொரு கட்டம். இரண்டு குடும்பத்து நிறங்களையும் சேர்த்துப் புதிதாக ஒரு டார்ட்டன் நெய்யவேண்டும், மாப்பிள்ளைக்கு அதில் பாவாடை மாதிரியான கில்ட், மகளுக்கு ஒரு சால்வை என்பது அவருடைய ஆசை.

"எங்களுடையது பச்சையும் கறுப்பும். உங்கள் குடும்பத்து நிறம் என்ன?" என்று கேட்டார்.

அப்படி ஒன்றும் எங்களுக்கு இல்லை என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து, உள்ளே போய் இவர் இடுப்பில் கட்டும் சாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். குங்குமச் சிவப்பில் மெல்லிய மஞ்சள் கோடு ஓடும் கட்டம். அவர் அதைக் குசினி மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இழைகளைப் பார்த்தார்.

"இது டார்ட்டனேதான்! எப்போது உடுப்பார்?"

"படுக்கும்போது," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குசினியில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலம்.

நெய்தால் மட்டும் போதாது, ஸ்கொட்லாந்தில் உள்ள அலுவலகம் ஒன்றில் பதியவும் வேண்டும் என்றார். பதிவதற்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம், ஒவ்வொன்றிலும் எத்தனை இழை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். முன்பு பதிந்த எதையும் போல இருக்கக்கூடாது. வைக்கிற பெயரும் வேறு யாரும் வைக்காததாக இருக்கவேண்டும். அந்தப் பெயரோடு நமக்கு என்ன தொடர்பு என்று காட்டவேண்டும்.

துணியில் ஒரு சிக்கலும் வரவில்லை. பெயரில்தான் இழுபட்டது.

இரண்டு குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பினோம். சம்பந்தி வீட்டுப் பெயர் ஒரு பெரிய குலத்தின் பெயர், அந்தக் குலத்துக்கு ஒரு தலைவர் இருக்கிறார், அவருடைய சம்மதம் வேண்டும் என்று பதில் வந்தது. சம்பந்தி அம்மா தலைவருக்கு எழுதினார். எங்களுக்கு இருக்கிற டார்ட்டன்களே போதும், புதிதாக ஒன்றுக்குப் பெயரைத் தரமுடியாது என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள். சம்பந்தி அம்மா இரண்டு நாள் கழித்து என்னோடு பேசினார்.

"அப்படியென்றால் உங்கள் பெயரை மட்டும் வைப்போம். எனக்கு மனக்குறை இல்லை."

அனுப்பினோம். அலுவலகத்தில் இருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இது குடும்பப் பெயரா? இந்தக் குடும்பத்தின் தலைவர் யார்? அவர் சம்மதிக்கிறாரா?

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர் முன்னுக்கு, அவரவர் பெயர் பின்னுக்கு, அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்தபோது பின்னால் நின்ற இவருடைய சொந்தப் பெயர் எங்கள் மூவருக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. முன்னால் நின்றதால் வேலையிடத்தில் இவரை இவருடைய அப்பாவின் பெயரால் கூப்பிட்டார்கள். கடைசிவரை அப்படித்தான். நானோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. "இஞ்சருங்கோ" என்பேன். ஆனால் வங்கிக்கும் மின்சாரக் கொம்பனிக்கும் ரெலிபோனில் அதே பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிச் சொல்லியே என் வாய் நொந்திருக்கிறது. ஊரில் அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் யாரும் எங்களுக்கு உறவில்லை.

மகளுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அப்பான்ர பேரை வைக்கிறதுக்கு உனக்கு ஓமோ?"

"ஓம் அம்மா. வடிவாயிருக்கும்." உடனேயே தொடர்ந்தாள். "அம்மா, ஒண்டு சொல்லோணும். வெடிங்குக்குப் பிறகு நான் அவற்ர சர்நேமை எடுக்கப்போறன். பிறகு பிள்ளையள் பிறந்தா ஸ்கூலில ஈஸி."

"அது உன்ர விருப்பம், பிள்ளை."

"அப்பா கோவிச்சிருப்பாரோ?"

"அப்பாக்குச் சர்நேம் எண்டால் என்னெண்டே கடைசிவரை பிடிபடேல்லை," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை. சோற்றை அடுப்பில் வைக்கவேணும் என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டேன். அன்று நான் சமைக்கவேயில்லை.

மறுநாள் காலை பதில் எழுதினேன். இது என் கணவரின் பெயர். அவர் இறந்துவிட்டார். இந்தக் குடும்பத்தில் மூத்தவள் நான்தான், சம்மதிக்கிறேன். எழுதி முடித்துத் திரும்ப வாசித்தபோது, யாரோ பெரிய மனுஷி எழுதியது போல இருந்தது. அலுவலகத்தில் இருந்தவர் அன்பாகப் பதில் போட்டார். பெயரைப் பதியலாமாம், அதோடு குலம் என்ற சொல்லை மட்டும் சேர்க்க முடியாதாம். அதற்கு ஒரு தலைவரும் அவருக்குக் கீழே சனமும் இருக்கவேண்டுமாம். நான் அந்தச் சொல்லைக் கேட்கவுமில்லை.

கலியாணம் சிட்னியில் நடந்தது. காலையில் வேட்டியோடு தாலி கட்டிய மாப்பிள்ளை, பின்னேர விருந்துக்கு அந்த டார்ட்டனில் கில்ட் உடுத்து வந்தார். "என்னடி, மாப்பிள்ளை சாரத்தோட நிக்கிறார்?" என்று என் மச்சாள் காதுக்குள் கேட்டாள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஒவ்வொருவராக வந்து இது எந்த டார்ட்டன் என்று கேட்க, அவர் இவருடைய பெயரை முழுதாகச் சொன்னார். மகளோடு இருந்து பழகியிருக்கவேண்டும். ழகரம் மட்டும் வழுக்கியது. கேட்டவர்களும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். இவர் வேலை செய்த காலம் முழுவதும் இந்த நாட்டில் ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் கையில் தட்டோடு சுவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது மெல்பேர்ண் விமான நிலையத்தில் இருந்து சம்பந்தி அம்மா என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். "தனியாக இருந்துவிடுவீர்களா?" என்று வாசலில் கேட்டார். பழகிவிட்டது என்றேன். இன்னொரு முறை கேட்டிருந்தால் உள்ளே வந்து இருக்கச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, களைத்திருந்தார்.

அந்த மாதமே மகள் தன் பெயரை மாற்றிக்கொண்டு புது லைசென்ஸைப் படம் பிடித்து அனுப்பினாள். நல்ல படம் என்று பதில் போட்டேன்.

போன கிழமை இரத்த அழுத்தம் பார்க்க டொக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கிற இடம் நிறையச் சனம். நேர்ஸ் பிள்ளை கதவைத் திறந்து, கையில் இருந்த பட்டியலைப் பார்த்து, இவருடைய பெயரைத் தடக்கித் தடக்கிக் கூப்பிட்டது. நான் ஒருத்தி எழும்பி உள்ளே போனேன்.